பூட்டு போதுமா?



ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் அயல்நாட்டில் வேலை பார்க்கிறார். தாயார் காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புகிறார். ஐந்து வயதுப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாட்டியின் பொறுப்பு. போன விடுமுறைக்கு வந்த தகப்பனார் ஒரு டேப்லெட் வாங்கி வந்தார். பாட்டிக்கோ அடுப்பு வேலை, துணி வேலை. பையன் அந்த டேப்லெட்டை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறான். வீடு அமைதியாயிருக்கிறது. அந்த அமைதியைக் கண்டு எல்லோரும் திருப்தியடைந்துவிட்டார்கள்.

ஒரு நாள் மாலை அவன் பார்த்துக்கொண்டிருந்த பொம்மைப் படம் முடிந்தது. அடுத்த படம் தானாக ஓடியது. அதற்கடுத்ததும் ஓடியது. மூன்றாவதிலோ நான்காவதிலோ, அவனுக்கு நன்றாகத் தெரிந்த அதே பொம்மை வந்தது. ஆனால் அதன் கையில் கத்தி இருந்தது. பையன் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டான். அழவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. இரவில் விளக்கை அணைக்கக் கூடாதென்று மட்டும் அடம் பிடித்தான். இரண்டு வாரம் சென்றபின், தாயார் மடியில் கிடத்தித் தலையைக் கோதிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"ஏண்டா, அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா டேப்பைப் பிடுங்கிடுவீங்கன்னு பயமா இருந்துச்சும்மா."

இது நாம் கற்பனை செய்துகொண்ட வீடுதான். ஆனால் நடக்க முடியாத கற்பனையன்று. 2017-ம் ஆண்டில், குழந்தைகள் விரும்பும் கார்ட்டூன் உருவங்களை வைத்துப் பயங்கரமான காட்சிகளோடு தயாரித்த வீடியோக்கள் யூடியூபில் ஏராளமாகப் பரவியிருப்பது உலகமெங்கும் செய்தியாயிற்று. குழந்தைகளுக்கென்றே ஏற்பட்ட யூடியூப் கிட்ஸிலும் அவற்றில் சில நுழைந்துவிட்டன.

அந்தத் தாயார் மறுநாள் என்ன செய்ய வேண்டும்? "பூட்டுப் போட்டுவிடலாமே! காசில்லாமலே எத்தனையோ ஆப் கிடைக்கிறதே!" என்று பக்கத்து வீட்டார் சொல்லுவார்கள். உண்மைதான். ஆனால் எந்தப் பூட்டு நல்ல பூட்டு? இந்தச் சிறிய கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய கேள்வி நிற்கிறது. ஒரு குழந்தையைக் காப்பதற்கும் அதை வேவு பார்ப்பதற்கும் இடையே எல்லை எங்கே இருக்கிறது? நம் பிள்ளை என்பதற்காக நாம் எதையும் செய்யலாமா? இதைச் சற்று நிதானமாக யோசித்துப் பார்ப்போம்.

கொடுக்காமலே இருந்தால்?

"இந்தத் தொல்லையே வேண்டாம், டேப்லெட்டைக் குழந்தையின் கையில் கொடுக்காமலே இருந்தால் போகிறது" என்று சிலர் சொல்லுவார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் நிறைய இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயது நிறையும் வரையில் குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரையில் நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேற்படலாகாது. அதிலும் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் இதையொட்டியே யோசனை கூறியிருக்கிறது. உறவினரோடு எப்போதாவது வீடியோவில் முகம் பார்த்துப் பேசுவதைத் தவிர, இரண்டு வயதுக்குள் திரை ஆகாது என்பது அவர்கள் கருத்து. ஆகவே கைக்குழந்தைக்கு எந்த ஆப் நல்லது என்று தேடி அலைய வேண்டியதில்லை. அந்த வயதில் கொடுக்காமலிருப்பதுதான் பூட்டு.

ஆனால் நாம் நினைத்துக்கொண்ட வீட்டில் பையனுக்கு வயது ஐந்து. தூர தேசத்திலிருக்கும் தகப்பனாரின் முகத்தை அவன் அந்தத் திரையில்தான் பார்க்கிறான். பள்ளிக்கூடத்துப் பாட்டுகளும் அதில்தான் வருகின்றன. எல்லா வீட்டிலும் அதைத் தூக்கி எறிந்துவிட முடியாது. அப்படியானால் கொடுப்பவர்கள் காவலோடு கொடுக்க வேண்டும். கிணறு இருக்கும் வீட்டில் கைப்பிடிச் சுவர் எழுப்புகிறோம் அல்லவா? அதைக் கண்டு, "என்னை நம்பவில்லையே" என்று எந்தக் குழந்தையும் வருந்துவதில்லை.

கையிலேயே இருக்கும் பூட்டுகள்

பெற்றோரில் பலர் அறியாத விஷயம் ஒன்று உண்டு. பூட்டைத் தேடிக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பெரும்பாலும் சாதனத்தோடேயே அது வந்திருக்கிறது.

ஆண்ட்ராய்டு டேப்லெட்டாயிருந்தால், கூகுள் 2017-ல் வெளியிட்ட ஃபேமிலி லிங்க் உங்களுக்கு உதவும். குழந்தையின் பெயரில் தனிக் கணக்குத் தொடங்கி, அதைத் தாய் அல்லது தந்தையின் போனோடு இணைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், இரவில் எத்தனை மணிக்கு அடைபட வேண்டும், எந்த ஆப்பை இறக்கலாம் என்பவற்றைப் பெற்றோர் தம் போனிலிருந்தே தீர்மானிக்கலாம். பணம் செலவாகும் விஷயங்களுக்கு நம்மைக் கேட்டுவிட்டே மேற்செல்லும்படி செய்யலாம். வேலை செய்யும் இடத்திலிருந்தே தாயார் இவற்றை மாற்றலாம்.

ஆப்பிள் ஐபேடில் 2018 முதல் ஸ்க்ரீன் டைம் என்னும் அமைப்பு உள்ளேயே இருக்கிறது. கைடட் ஆக்சஸ் என்று இன்னொன்றும் உண்டு. அதைப் போட்டுவிட்டால் நாம் திறந்து கொடுத்த ஒரே ஆப்பில் குழந்தை இருக்கும். வேறெங்கும் போக முடியாது. மிகச் சிறிய பிள்ளைக்கு இது மிகவும் ஏற்றது. சாம்சங் டேப்லெட்களில் சாம்சங் கிட்ஸ் என்ற தனிப் பகுதி இருக்கிறது. பின் நம்பர் தெரிந்தவர்தான் அதைவிட்டு வெளியே வர முடியும்.

யூடியூப் கிட்ஸ் வைத்திருப்போர், வயதைக் குறித்துக் கொடுத்ததோடு நின்றுவிடலாகாது. பெற்றோர் தாமே தேர்ந்த வீடியோக்களையும் சானல்களையும் மட்டும் காட்டும்படி செய்ய அதில் ஒரு வழியிருக்கிறது. அப்போது குழந்தை தானாக எதையும் தேட முடியாது. அடுத்த வீடியோ தானாக ஓடுவதையும் நிறுத்திவிடலாம். நம் கதையிலுள்ள பையனுக்கு அன்று இந்த இரண்டும் இருந்திருந்தால், கத்தி பிடித்த பொம்மை அவனிடம் வந்திருக்காது.

இவையெல்லாம் இலவசம். ஆனால் இவற்றின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஃபேமிலி லிங்கின் இணையதளத் தடை குரோம் உலாவியில்தான் செல்லும். இன்னொரு உலாவியை இறக்க நாமே அனுமதித்தால், முன்வாசலைப் பூட்டிக் கொல்லை வாசலைத் திறந்து வைத்த கதைதான். ஒரு விளையாட்டை அனுமதித்தபின், அதற்குள்ளே முன்பின் அறியாதவர் வந்து பேசுகிறாரா என்பதையும் இந்தப் பூட்டு அறியாது. இயந்திரம் சலித்துக் கொடுப்பதில் எதுவும் தப்பி வரலாம் என்பதை யூடியூப் கிட்ஸை நடத்துகிறவர்களே ஒப்புக்கொள்ளுகிறார்கள்.

இலவசம் என்ற சொல்

இப்போது "இலவசம்" என்ற சொல்லை நிறுத்தி விசாரிப்போம். கூலி கேட்காமல் ஒருவன் வாசலில் வந்து நின்று, "உங்கள் வீட்டுக்கு நான் காவலிருக்கிறேன், எல்லா அறைச் சாவியையும் கொடுங்கள்" என்றால் கொடுத்துவிடுவீர்களா? அவன் யார், எந்த ஊர், எதற்காக இந்தத் தயவு என்று கேட்கமாட்டீர்களா? காவல் ஆப் என்பது தன் வேலையைச் செய்ய வேண்டுமானால், குழந்தை எதைப் பார்க்கிறது, எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரிந்தாக வேண்டும். ஆதலால் பேர் தெரியாத ஒரு கம்பெனியின் இலவச ஆப்பை இறக்கி, அது கேட்கும் அனுமதியெல்லாம் கொடுப்பது, முன்பின் தெரியாதவனிடம் சாவிக்கொத்தை நீட்டுவதற்குச் சமானம்.

பெரிய கம்பெனியென்றால் கண்ணை மூடிக்கொள்ளலாமா? அதுவும் கூடாது. 13 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோரின் சம்மதமின்றி யூடியூப் சேகரித்தது என்ற குற்றச்சாட்டின் பேரில், 2019-ல் கூகுளும் யூடியூபும் அமெரிக்காவில் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. நம் நாட்டில் 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டுமென்று விதிக்கிறது. குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அது தடுக்கிறது.

இதிலிருந்து நமக்கு ஒரு கடமை பிறக்கிறது. திரையில் "சம்மதம்" என்று வரும் இடத்தில் நாம் விரலை வைக்கிறோமே, அது வெறும் பொத்தானன்று. தனக்காகக் கையெழுத்திட இயலாத ஒருவனுக்காக நாம் இடும் கையெழுத்து. பிள்ளையின் பெயரில் உள்ள நிலப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவோமா? இதையும் படித்துப் பார்க்க வேண்டும். அதன் வேலைக்கு வேண்டாததை அது கேட்டால் கொடுக்கக் கூடாது. இரண்டு பூட்டுகளில் ஒன்றைத் தேர வேண்டியிருந்தால், குறைவாகக் கேட்பதையும், சாதனத்தோடு வந்ததையும் முதலில் எடுங்கள்.

மறைவான காவல் நல்லதா?

இன்னொரு வகை ஆப் உண்டு. அது இருப்பதே பிள்ளைக்குத் தெரியாது. ஒளிந்திருந்து எல்லாவற்றையும் பெற்றோருக்குத் தெரிவிக்கும். "பிள்ளைக்குத் தெரிந்தால்தானே ஏமாற்றுவான்? தெரியாமலே பார்த்துவிட்டால் நல்லதல்லவா?" என்று சிலர் எண்ணலாம்.

இதில் இரண்டு தீமைகள் இருக்கின்றன. முதலாவது, ஒளிந்து வேலை செய்யும் சாதனம் யாருக்கு வேலை செய்கிறது என்று சொல்லுவதற்கில்லை. ஸ்பைஃபோன் என்ற அத்தகைய ஆப்பை விற்ற கம்பெனி, மறைவாக மனிதரின் நடமாட்டத்தையும் போன் விவரங்களையும் திரட்டியதோடு, திரட்டியதைச் சரிவரப் பாதுகாக்கவுமில்லை என்பதற்காக, 2021-ல் அமெரிக்காவின் ஃபெடரல் வர்த்தக ஆணையம் அதற்கு இந்தத் தொழிலையே தடை செய்தது.

இரண்டாவது தீமை வீட்டுக்குள்ளேயே விளைகிறது. ஒளிந்து பார்க்கும் தாய், பார்த்ததைப் பற்றிப் பேச முடியாது. பேசினால் தான் ஒளிந்து பார்த்தது வெளியாகிவிடும். ஆகவே அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் எதற்கும் ஆறுதல் சொல்ல வழியில்லை. பின்னொரு நாள் பிள்ளைக்கு உண்மை தெரியவரும்போது, "இந்த வீட்டில் பெரியவர்கள் மறைவாகத்தான் நடப்பார்கள்" என்ற பாடத்தை அவன் கற்றுக்கொள்ளுவான். அதன்பின் அவனும் மறைவாக நடந்தால் யாரை நோவது?

ஐந்து வயதுப் பையனுக்குப் பெரிய விளக்கங்கள் புரியாது. ஆனால், "தம்பி, இதில் உனக்கு ஒரு மணி நேரம். உனக்கென்று நானும் நீயும் சேர்ந்து எடுத்து வைத்த படங்கள் மட்டும் வரும். மற்றவை வராது. நீ வளர வளர இன்னும் திறந்துவிடுவேன்" என்று சொன்னால் புரியும். கைப்பிடிச் சுவர் அவன் கண்ணெதிரே நிற்க வேண்டும்.

கட்டாயத்தில் நன்மை உண்டா?

கடைசியாக ஓர் ஆட்சேபனை. "பூட்டி வைத்து நல்லவனாக்கினால் அது நன்மையாகுமா? தவறு செய்ய வழியே இல்லாதவனுக்கு நன்மை செய்த பெருமை ஏது?" என்று கேட்கலாம். ஆழ்ந்த கேள்வி. பூட்டு ஒருவனையும் நல்லவனாக்குவதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தேர்ந்துகொள்ளும் புத்தி வளருவதற்கு முன்பே, தேர்ந்துகொள்ள முடியாத ஒன்றை அவன்மேல் கொட்டுவது சுதந்தரமாகாது. கத்தி பிடித்த பொம்மையை அந்தப் பையன் தேர்ந்தெடுக்கவில்லை. எங்கோ இருந்த ஓர் இயந்திரம் அவனுக்காக அதைத் தேர்ந்தெடுத்தது. அந்த இயந்திரத்தின் தேர்வைத் தடுப்பதால் அவனுடைய சுதந்தரம் குறைவதில்லை.

ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. கிணற்றுக்குச் சுவர் எழுப்புகிற தகப்பன், பிள்ளைக்கு நீந்தவும் கற்றுக்கொடுக்கிறான். ஐந்து வயதில் போட்ட பூட்டைப் பன்னிரண்டு வயதிலும் அப்படியே வைத்திருப்பவன் பிள்ளையை வளர்க்கவில்லை, பூட்டைத்தான் பராமரிக்கிறான். ஆண்டுக்கு ஒரு முறை, பிறந்தநாளிலோ பள்ளி திறக்கும்போதோ, பிள்ளையை உட்கார வைத்து, "இந்த ஆண்டு எதைத் திறக்கலாம்?" என்று கேளுங்கள். தான் நம்பப்படுகிறோம் என்பதை அவன் அறிய அதைவிட நல்ல வழியில்லை.

உரைகல்

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? ஒரே ஒரு கேள்வியை உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். இந்தப் பூட்டைப் போட்டபின், பயந்த குழந்தை நம்மிடம் ஓடி வருமா, நம்மிடமிருந்து ஒளிந்துகொள்ளுமா? ஓடி வரச் செய்வது நல்ல பூட்டு. ஒளியச் செய்வது எவ்வளவு கெட்டியான பூட்டானாலும் கெட்ட பூட்டு.

நம் பையனுக்குப் பெரிய தீங்கைச் செய்தது எது? ஒரு விநாடி கண்ட கத்தியா, அதன்பின் தனியே கழித்த இரண்டு வார இரவுகளா? கத்தியைப் பூட்டு தடுத்திருக்கும். அந்த இரவுகளைத் தடுக்க ஒரு வாக்குறுதி வேண்டியிருந்தது: "எதைப் பார்த்துப் பயந்தாலும் வந்து சொல், சொன்னதற்காக உன்னைத் தண்டிக்கமாட்டேன்." இதைச் சொல்லுவது எளிது, காப்பாற்றுவது கஷ்டம். குழந்தை வந்து சொல்லும்போது நமக்கு வயிறு எரியும். அந்தச் சாதனத்தைப் பிடுங்கி எறியத் தோன்றும். அந்த வேளையில் கையை அடக்கிக்கொள்ளுங்கள். கெட்ட வீடியோவை நீக்குங்கள், பூட்டைச் சரிசெய்யுங்கள். ஆனால் சொன்னவனிடமிருந்து ஒன்றையும் பறிக்காதீர்கள். ஒரு முறை பறித்தால் அடுத்த முறை அவன் சொல்லமாட்டான்.

பாட்டியையும் நினைத்துப் பாருங்கள். பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டு, பின் நம்பரை மட்டும் நாம் வைத்துக்கொள்ளுவது நியாயமா? வேண்டாததை எப்படி மூடுவது, எப்படி அணைப்பது என்று அவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நேரம் முடிந்ததும் டேப்லெட் தானாக அடைபட்டால் பேரனோடு அவர் மல்லுக்கட்ட வேண்டியிராது. அடைபட்டபின் அவன் அழுவான். அந்த அழுகையை ஆற்ற எந்த ஆப்புக்கும் தெரியாது. ஒரு கதை சொல்லப் பாட்டிக்குத் தெரியும்.

நம்மையும் விட்டுவிடக் கூடாது. பிள்ளைக்கு ஒரு மணி, நமக்குக் கணக்கேயில்லை என்றால், அவன் அதைச் சட்டமென்று எண்ணமாட்டான். பலசாலியின் விருப்பம் என்றே எண்ணுவான். சாப்பிடும் வேளையில் வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் ஓரிடத்தில் சேர்ந்து இருக்கட்டும். அப்போது அந்தச் சட்டத்துக்கு மரியாதை பிறக்கும்.

ஆகவே, பெற்றோரே, பூட்டுக்குக் காசு வேண்டாம் என்பது மெய்தான். ஆனால் அதற்கு உங்கள் நேரம் வேண்டும். இன்றிரவு அரை மணி ஒதுக்குங்கள். பிள்ளையை மடியிலோ பக்கத்திலோ உட்கார வைத்துக்கொண்டு அந்த டேப்லெட்டைத் திறவுங்கள். "உனக்கு எது பிடிக்கும், காட்டு" என்று கேளுங்கள். நல்லதைச் சேர்த்து வையுங்கள். தகாததை அவன் கண்ணெதிரிலேயே காரணம் சொல்லி நீக்குங்கள். பூட்டை அவன் பார்க்கப் பூட்டுங்கள். பிறகு மெதுவாகக் கேளுங்கள்: "இதில் எதையாவது பார்த்து நீ பயந்தது உண்டா?"

உடனே பதில் வராமலிருக்கலாம். அவசரப்பட வேண்டாம். விளக்கை அணைக்கப் போகும் நேரத்தில் ஒரு சிறு குரல், "அம்மா, ஒரு நாள்…" என்று தொடங்கினால், செய்கிற வேலையை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்காருங்கள்.